வேனுக்கு ஒரு வாய்

மாப்ள,

அந்த வேன் நம் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். டிரைவர் பக்கக் கதவு இல்லை. அந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்து, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் மூடியைக் கழற்றினேன். கழற்றியதுமே வாசனை முகத்தில் அடித்தது. வெயிலில் இளகிப்போன இன்சுலேஷன் டேப்பின் பசை வாசனை. உன் சட்டையில், விரலில், நீ கடித்துவிட்டு மிச்சத்தை எனக்குத் தரும் வடையில்கூட அந்த வாசனைதான் இருக்கும். டேப்பைப் பல்லால் கடித்து அறுக்காதே, ஒரு நாள் வாயில் புண் வரும் என்பேன். "மதுரையில எல்லாப் பயலும் பல்லாலதான்டா கடிக்கிறான். உனக்கு என் பல்லு மட்டும்தான் கண்ணுல படுது" என்பாய்.

கையை உள்ளே விட்டேன். மஞ்சளும் பச்சையுமாக இரண்டு கம்பிகள், சடை போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வந்தன. நீ முறுக்கியவை. முறுக்கு எங்கேயும் தளரவில்லை. ஆனால் முனையில் சாக்கெட் இல்லை. எவனோ கட்டிங் பிளேயரால் நறுக்கி, முனைகளை மடக்கி, மேலே அவன் டேப்பைச் சுற்றியிருந்தான். அவன் சுற்றிய டேப்தான் உருகி வழிந்துகொண்டிருந்தது.

அந்த வேனை நான் ஏன் உள்ளே விட்டேன் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் நாம் இருவரும் கடைசி பெஞ்ச். நான் உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டுக்காரன் மகன். நீ மதுரை டவுனுக்குள் ஒரு சந்தில், கீழே தையல் மெஷினும் மேலே குடும்பமுமாக இருந்த வீட்டிலிருந்து வந்தவன். படிப்பு முடிந்து நாலு கம்பெனி வாசலில் நின்று பார்த்தோம். வெயிலில் நின்றதுதான் மிச்சம். அப்புறம் ஷெட் போடலாம் என்று நாகமலை புதுக்கோட்டையில் இடம் தேடினோம். இடத்துக்காரர் நல்ல மனிதர்தான். மோர் கொடுத்தார். உன்னை வெளியே விட்டுவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்க தம்பி. பாய்மாருக்குக் குடுக்கிறதில்ல. நீங்க உங்க பேருல எடுத்துக்கங்க" என்றார். சன்னலுக்கு வெளியே நின்ற உனக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தபோது நீ சிரித்தாய்.

"என்ன மாப்ள, உங்க ஊருல மாப்ளைக்குக் கடை குடுக்க மாட்டாங்களாமே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு இடம் பார்க்கலாம் என்றேன். "வேற இடத்துல மோர் கூடக் குடுக்க மாட்டாய்ங்க. போர்டுல உன் பேரு இருக்கட்டும், உள்ள என் கை இருக்கட்டும். வண்டிக்குப் போர்டு படிக்கத் தெரியாது" என்றாய். அப்படித்தான் என் பேரில் போர்டு மாட்டினோம். வருகிறவர்கள் எல்லாரும் "பாய் இருக்காரா?" என்றுதான் கேட்டார்கள். உன் பேர் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை.

பழைய வண்டிக்குப் புது என்ஜின் மாற்றுவதுதான் நமக்குச் சோறு போட்டது. விபத்தில் நொறுங்கிய காரின் என்ஜினைக் காயலான் கடையில் எடுத்து, பழைய வேனில், ஜீப்பில் இறக்குவோம். எல்லா ஷெட்டிலும் செய்கிற வேலைதான். ஆனால் நீ மட்டும் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாய். இப்போதைய என்ஜினை நடத்துவது அதனுடன் வரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எங்கே கோளாறு என்று அதற்குத் தெரியும். தெரிந்தவுடன் மீட்டரில் மஞ்சள் லைட்டைப் போடும். என்ன கோளாறு என்று அதனிடம் கேட்க வேண்டுமானால் ஸ்கேனரைச் செருகுவதற்கு ஒரு சாக்கெட் வேண்டும். காயலான் கடைக்காரர்கள் என்ஜினை எடுக்கும்போது வயர்களை ரம்பத்தால் அறுத்துவிடுவார்கள். சாக்கெட் அந்தப் பழைய காரின் டேஷ்போர்டிலேயே தங்கி, இரும்போடு இரும்பாக நசுங்கப் போய்விடும். மற்ற ஷெட்டுக்காரர்கள் சாக்கெட் இல்லாமலே வண்டியை ஓட்டி அனுப்பிவிடுவார்கள். ஓடுகிறதல்லவா, போதும். நீ விடமாட்டாய். "மொதல்ல அதுக்கு ஒரு வாயை வை மாப்ள. வாய் இல்லாத வண்டிய ரோட்டுல விட்டா, அதுக்கு வலிக்கிறது எவனுக்குத் தெரியும்?"

இந்த வேனை மில் காண்ட்ராக்டர் கொண்டு வந்தபோதும் அதையேதான் சொன்னாய். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பெண்களை ஏற்றித் திருமங்கலம் பக்கத்து மில்லுக்குக் கொண்டுபோகும் வேன். லைட்டும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்து வண்டி. என்ஜின் செத்துவிட்டது. வேற என்ஜின் போடு, ஆர்.சி. புத்தகத்தில் நான் ஏற்றிக்கொள்கிறேன் என்றான் காண்ட்ராக்டர். காயலான் கடைக்குப் போனோம். அறுத்து வைத்திருந்த என்ஜினைப் பார்த்ததும் நீ கடைக்காரரிடம் சண்டைக்குப் போனாய்.

"சாக்கெட்டையும் சேத்துல்ல பாய் தரணும்?"

"அதெல்லாம் அமுக்கப் போயிருச்சு பாய்."

"நீங்களே இப்படிப் பண்ணலாமா பாய்?"

"பாய், பாய்னு ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா எவன்டா பாய்?" என்று நான் நடுவில் புகுந்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, பின்னால் குவிந்து கிடந்த டேஷ்போர்டுகளைக் காட்டினார். அந்தக் குவியலில் ஏறி, கண்ணாடித் தூளில் கையைக் கிழித்துக்கொண்டு, ஒரு சாக்கெட்டை வேரோடு பிடுங்கி எடுத்தாய்.

அதை மாட்டியும் வேன் பேசவில்லை. ஞாபகம் இருக்கிறதா? பேட்டரி கரண்ட் வருகிறது, எர்த் சரியாக இருக்கிறது, மஞ்சள் கம்பியும் பச்சைக் கம்பியும் கம்ப்யூட்டர் வரைக்கும் போகின்றன. ஸ்கேனர் மட்டும் ஒரு நொடி பேசும், உடனே அறுந்துபோகும். கம்ப்யூட்டர் செத்துவிட்டது, காயலான் கடைக்காரன் தலையில் கட்டிவிட்டான் என்று நான் குதித்தேன். நீ மல்டிமீட்டரை வைத்து அளந்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அந்த ஜோடிக் கம்பியின் இரண்டு நுனியிலும் ஒரு சின்ன ரெசிஸ்டர் இருக்க வேண்டும். ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று அந்தப் பழைய காரின் மீட்டருக்குள் இருந்திருக்கிறது. அந்த மீட்டர் இரும்போடு போய்விட்டது. "இந்தக் கரையில நின்னு கூப்புடுது. அந்தக் கரையில ஆள் இல்ல. அதான் எதிரொலியே வந்து அதும் பேச்சக் குழப்புது" என்றாய். டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் ரெசிஸ்டர் வாங்கி வந்து வைத்தாய். ஸ்கேனர் படபடவென்று எல்லாவற்றையும் கொட்டியது. வேனின் மீட்டரில் ஒரு மஞ்சள் லைட்டையும் நீயே மாட்டிவிட்டு, டேப்பைக் கடித்த பல்லோடு சிரித்தாய்.

அப்போதே காண்ட்ராக்டருக்கு அந்தச் சாக்கெட் பிடிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, "இது எதுக்கு வெளிய தெரியுற மாதிரி?" என்றான். ஆர்.சி. புத்தகத்தில் அவன் எதையும் ஏற்றவில்லை. புத்தகத்தில் ஒரு என்ஜின், வண்டியில் ஒரு என்ஜின். இவ்வளவு பழைய வேனில் இப்படி ஒரு சாக்கெட் இருப்பதைப் பார்த்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் புரிந்துவிடும். நமக்கு வண்டியின் வாயாகத் தெரிந்தது, அவனுக்குக் காட்டிக்கொடுக்கும் சாட்சியாகத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் மீட்டரில் மஞ்சள் லைட் எரிகிறது என்று டிரைவர் செல்வம் வேனைக் கொண்டு வந்தார். நீ ஸ்கேனரைச் செருகினாய். கிராங்க் சென்சார். என்ஜின் சுற்றுகிறதா, நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பொருள் அது. அது விட்டுவிட்டுச் செத்துக்கொண்டிருந்தது. முழுதாகச் செத்தால் ஓடுகிற என்ஜின் நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும். நீ காண்ட்ராக்டரைப் போனில் பிடித்தாய்.

"அண்ணே, இதை மாத்தாம ஓட்டாதீங்க. உள்ள அம்புட்டுப் பொம்பளைப் பிள்ளைக வருது."

"வண்டி ஓடுதுல்ல பாய்?"

"இன்னைக்கு ஓடுது."

"அப்ப நாளைக்குப் பாப்போம்" என்று வைத்துவிட்டான்.

அவன் மாற்றவில்லை. வேறொரு ஷெட்டுக்கு வேனை அனுப்பி, லைட்டுக்குப் போகும் வயரையும் சாக்கெட்டையும் சேர்த்து வெட்டச் சொன்னான். இரண்டு தொல்லையும் ஒரே வெட்டில் தீர்ந்தன. லைட் எரியாது, இன்ஸ்பெக்டருக்கும் தெரியாது. பாய் கேட்டால் சென்சார் மாற்றியாச்சு என்று சொல் என்று செல்வத்திடம் சொல்லி வைத்தான்.

உன் அடக்கம் முடிந்து செல்வம் ஷெட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து சொன்னதை இங்கே எழுதுகிறேன். உனக்குப் பாதி தெரிந்ததுதான். ஆனால் எழுதாமல் இருந்தால் காண்ட்ராக்டர் டீக்கடையில் சொல்லும் கதைதான் ஊரில் நிற்கும்.

மத்தியானம். ஷிப்ட் முடிந்து பெண்களை ஏற்றிக்கொண்டு திருமங்கலம் நாலுவழிச் சாலையில் வரும்போது வேன் நின்றது. செல்வம் உன்னைக் கூப்பிட்டார். நான் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். நீ பைக்கை எடுத்துக்கொண்டு போனாய்.

"வந்தவுடனே மொதல்ல சாக்கெட்டத்தான் தேடுனாப்ல தம்பி. 'எங்கண்ணே வாயைக் காணோம்'னு கேட்டாப்ல. நான் என்னத்தச் சொல்ல? 'தொங்கிக்கிட்டு இருந்துச்சு, எடுத்தாச்சு'ன்னேன். மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, 'சென்சாராச்சும் மாத்துனீங்களா'ன்னு கேட்டாப்ல. மாத்தியாச்சு பாய்ன்னேன். அப்படித்தான சொல்லச் சொல்லியிருந்தாரு. அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லாம இருந்திருந்தா..."

சென்சார் மாறிவிட்டது என்று நீ நம்பினாய். அதனால் மற்ற எல்லாவற்றையும் தேடினாய். உன் பையில் ஸ்கேனர் இருந்தது. செருகத்தான் இடமில்லை. செருகியிருந்தால் ஒரு பீடி பற்றவைக்கும் நேரத்தில் அதே சென்சார்தான் என்று அது சொல்லியிருக்கும். டெஸ்ட் லேம்பை வைத்து ஃபியூஸ் ஃபியூஸாகக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய். நம் ஊர் வண்டியில் ஃபியூஸ் பெட்டி எங்கே இருக்கும்? ஸ்டியரிங்குக்குக் கீழே. அதைப் பார்க்க வேண்டுமானால் டிரைவர் கதவைத் திறந்து, மல்லாக்கப் படுத்து, தலையை உள்ளே விட்டு, காலை வெளியே நீட்ட வேண்டும். டிரைவர் கதவு எந்தப் பக்கம்? வண்டிகள் பறக்கிற பக்கம். பின்னால் கருவேலங்கிளை ஒடித்துப் போட்டிருந்தார்கள். செல்வம் துண்டை வீசிக்கொண்டு நின்றிருக்கிறார். லாரிக்காரன் கிளையையும் பார்க்கவில்லை, துண்டையும் பார்க்கவில்லை. கதவோடு சேர்த்து உன்னை இழுத்துக்கொண்டு போனான்.

ஓரத்தில் மர நிழலில் நின்ற பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி தன் துப்பட்டாவை எடுத்து உன்மேல் போர்த்தியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் நான் உன்னைப் பார்த்தபோது அந்தத் துப்பட்டா உன்மேல் இருந்தது. நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

மையவாடியில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு ஓரமாக நின்றேன். உன் அப்பாதான் என் கையைப் பிடித்து இழுத்து, மூன்று பிடி மண் போடச் சொன்னார். போட்டேன். திரும்பி நடக்கும்போது அவர் என்னிடம் கேட்டார். "அந்த வண்டி சரியாயிருச்சா தம்பி? பாதியில விட்டுட்டு வரமாட்டானே." நான் ஆயிருச்சு அத்தா என்றேன்.

அதன்பிறகு நடந்ததைக் கேட்டால் நீ சிரிப்பாய். எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. "பாய் வச்ச வயரிங்தான் கோளாறு. காயலான் கடைச் சாமான, பின்ன எப்படி இருக்கும்?" என்று காண்ட்ராக்டர் ஊரெல்லாம் சொன்னான். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். என்னிடமே ஒருவர், "உன் நல்ல நேரம், நீ போகல" என்றார். ஆமாம், நான் போயிருந்தால் வேறு மாதிரிதான் நடந்திருக்கும். நான் செத்திருந்தால் எங்கள் ஆட்கள் உசிலம்பட்டி ரோட்டை மறித்திருப்பார்கள். மறுநாள் பேப்பரில் வந்திருக்கும். காண்ட்ராக்டர் கையைக் கட்டிக்கொண்டு என் அப்பா முன்னால் வந்து நின்றிருப்பான். உன் தெருக்காரர்கள் வம்பு வேண்டாம், விசாரணை வேண்டாம், பிள்ளையைச் சீக்கிரம் அடக்கம் செய்துவிடுவோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இந்த ஊரில் செத்தவனுக்கும் ஆள் பலம் வேண்டியிருக்கிறது.

அப்புறம்தான் ஸ்டேஷனில் இருந்து விடுவித்த வேனை இழுத்துக்கொண்டு காண்ட்ராக்டர் நம் ஷெட்டுக்கு வந்தான். நாலு இடத்தில் காட்டியிருக்கிறான். உன் வயரிங்கில் கை வைக்க அந்த நாலு பேருக்கும் தைரியமில்லை.

"நடந்தது நடந்துபோச்சு தம்பி. எனக்கும்தான் மனசு கேக்கல. வண்டி ஓடணும்ல? பொம்பளைகளெல்லாம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போகுதுக."

என் கையில் ஸ்பானர் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். "சாக்கெட் வைக்கணும். லைட் வைக்கணும்."

"அதுதான் வேணாங்குறேன். உனக்கு முடியாதுன்னா சொல்லு. தேனி ரோட்டுல ஆளா இல்ல? எவனாச்சும் ஒருத்தன் ஓட வச்சுருவான்."

அவன் சொன்னது உண்மை. எவனாவது ஒருவன் ஓடவைத்துவிடுவான். லைட் இல்லாமல், சாக்கெட் இல்லாமல், அதே செத்த சென்சாரோடு. அதில் அந்தப் பெண்கள் ஏறுவார்கள். முடியாது என்று நான் அவனைத் துரத்தினால் எனக்கு நெஞ்சு ஆறும். வேன் ஊமையாகவே ரோட்டுக்குப் போகும். உன்னைக் கொன்றவன் வண்டிக்கு நான் வேலை செய்ய வேண்டும், அல்லது அந்தப் பெண்களை அதில் அப்படியே அனுப்ப வேண்டும். மூன்றாவது வழி இருக்கிறதா என்று வெகுநேரம் பார்த்தேன். இல்லை.

"செய்றேன். ஆனா என் இஷ்டத்துக்குத்தான் செய்வேன்."

"நீ என்ன எழவையாச்சும் செய். லைட்டு கிட்டு எதுவும் என் கண்ணுல படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சரி என்றேன். அவன் கண்ணில் படாத இடம் அந்த வேனில் நிறைய இருக்கிறது. பின்னால் பெண்கள் உட்காரும் இடத்தில் அவன் ஒரு நாளும் ஏறியதில்லை.

அந்த வேறு ஷெட்டுக்காரன் சுற்றிய டேப்பைப் பிய்த்து எறிந்தேன். நறுக்கிய முனைகளை உரித்து, புதுக் கம்பியைச் சேர்த்துப் பற்றவைத்து, நீ முறுக்கிய அளவிலேயே முறுக்கிக்கொண்டு போனேன். உன் அளவு வரவில்லை. என் முறுக்கு ஓரிடத்தில் இறுகுகிறது, ஓரிடத்தில் தளர்கிறது. அவிழ்த்து மறுபடி முறுக்கினேன். எர்த்தைப் பெயிண்ட் சுரண்டிய வெற்று இரும்பில் பிடித்தேன். சாக்கெட்டை மட்டும் நீ வைத்த இடத்தில் வைக்கவில்லை. ஸ்டியரிங் பக்கமே வேண்டாம் என்று இடது பக்கத்துக்கு இழுத்து, பெண்கள் ஏறும் படிக்கு மேலே வைத்தேன். ஃபியூஸ் பெட்டியையும் கூடவே இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். இனி எவன் வந்தாலும் ரோட்டோரத்து மண்ணில் நின்றுகொண்டுதான் இந்த வண்டியிடம் கேட்பான். எவனும் காலை ரோட்டில் நீட்ட வேண்டியதில்லை.

ஸ்கேனரைச் செருகினேன். பேசியது. முதல் வரியே கிராங்க் சென்சார்தான். அந்த மத்தியானம் என்ஜின் நின்ற கணத்தை அது அப்படியே பிடித்து வைத்திருந்தது. உன் வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒரே நம்பரா இருக்கு?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "எல்லாம் சரிப்பா. இதுல யாரு கையெழுத்து இருக்கு?" என்றார்.

திரும்பி வந்து புது சென்சாரைப் போட்டேன். பழைய பதிவை அழிக்கவா, ஆம் என்றால் அழுத்து என்று ஸ்கேனர் கேட்டது. அழிக்காமல் விட்டால் லைட் எரிந்துகொண்டே இருக்கும். நாளைக்கு உண்மையிலேயே ஒன்று கெட்டால் எவருக்கும் தெரியாது. போனில் இருக்கும் படத்துக்குத்தான் கையெழுத்து இல்லையே. உன் பக்கம் பேச இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வரி. அதை அழித்தால்தான் வேன் அந்தப் பெண்களுக்காகப் பேசும். திட்டாதே. அழுத்திவிட்டேன்.

லைட்டைப் பின்னால், பெண்கள் ஏறும் கதவுக்கு மேலே, உள்பக்கமாக வைத்தேன். வேன் ஓட ஆரம்பித்த அன்று காலையில் உசிலம்பட்டியில் அவர்கள் ஏறும் இடத்துக்கே போனேன். டிபன் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்கள். லைட்டைக் காட்டி, வண்டி கிளப்பும்போது எரிந்து அணையும், ஓடும்போது எரிந்தால் ஓரங்கட்டச் சொல்லி இறங்கிவிடுங்கள் என்றேன். ஒல்லியாக ஒரு பெண் முன்னால் வந்தாள். பாண்டீஸ்வரி என்று பேர்.

"அன்னைக்கு அந்த அண்ணன் மேல போத்துனது என் துப்பட்டாதாண்ணே."

லைட்டை அண்ணாந்து பார்த்தபடி அவளே பேசினாள்.

"எறங்குறோம். எறங்குனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மில்லு கேட்டைச் சாத்திருவாய்ங்க. அன்னைக்குக் கூலி போச்சு. அதுக்கு என்ன பண்ண?"

"அவருகிட்டப் போய்க் கேக்குற பாரு" என்று பின்னால் இருந்த பெரிய பொம்பளை அதட்டினாள். "நல்லதுக்குத்தானடி சொல்றாரு."

"நல்லதுதான் மதினி. நல்லது சோறு போடுமான்னுதான் கேக்குறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் போன் நம்பரைக் கொடுத்தேன். எரிந்தால் உடனே கூப்பிடு, இறங்குவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன் என்றேன்.

ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள். செக்கானூரணியைத் தாண்டிவிட்டார்கள். "அண்ணே, எரியுது. எறங்கவா?" பின்னால் இரைச்சல். இறங்கு என்று ஒருத்தி, பேசாமல் உட்கார் என்று ஒருத்தி. எனக்கு இங்கிருந்து எப்படித் தெரியும்? அது சின்னக் கோளாறாக இருக்கலாம். அந்தக் கோளாறாகவும் இருக்கலாம். "இறங்குங்க" என்றேன். பைக்கை எடுத்தேன்.

நான் போனபோது எல்லாரும் ஓரத்தில் நின்றிருந்தார்கள். செல்வம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். காண்ட்ராக்டர் போனில் கத்திக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. "எனக்கு ஒரு சாவு போதும் தம்பி" என்று என்னிடம் சொல்லிச் செல்வம் போனை அணைத்துவிட்டார். நான் மண்ணில் நின்று, இடது பக்கத்தில் ஸ்கேனரைச் செருகினேன். டீசல் ஃபில்டரில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். திருகைத் திறந்து வடித்துவிட்டால் தீர்ந்தது. மில் வரைக்கும் ஓடியிருக்கும்.

பாண்டீஸ்வரி என் தோளுக்குப் பின்னால் நின்று அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லையாண்ணே?"

"பெருசா ஒண்ணும் இல்ல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தூக்கைக் கைமாற்றிக்கொண்டு, "கேட்ட சாத்தியிருப்பாய்ங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள். எதிர்ப்பக்கம் போய், உசிலம்பட்டி பஸ்ஸுக்கு நின்றார்கள். என்னைத் திட்டிக்கொண்டே போனவர்களும் இருந்தார்கள். திட்டட்டும்.

நீ இருந்திருந்தால் அவளிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஏதாவது கேலி பேசி அவளைச் சிரிக்க வைத்திருப்பாய். ஆனால் கூலிக்கு உன்னிடமும் பதில் இருந்திருக்காது. வண்டியின் வலியைச் சொல்ல நாம் ஒரு வாய் வைத்துவிட்டோம். அதைக் கேட்டு நின்றால் தண்டனை அவளுக்குத்தான், காண்ட்ராக்டருக்கு இல்லை, மில்லுக்கும் இல்லை. தண்டனையை அவள் பக்கம் திருப்பிவிடும் இந்த வயரிங்கை எவன் எங்கே இப்படி இழுத்து வைத்தான் என்று எனக்குத் தெரியும். அதை வெட்டிச் சேர்க்கும் இடம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது வேலை செய்யும்போதும் போனைக் காதுக்கு எட்டுகிற இடத்தில்தான் வைக்கிறேன். வண்டிக்கு அடியில் படுத்திருந்தால் பக்கத்தில் மண்ணில் வைத்துக்கொள்கிறேன். வேன் தினமும் போகிறது, வருகிறது. அந்த நாளுக்கு அப்புறம் அவள் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. லைட் எரியவில்லை என்பதால் கூப்பிடவில்லையா, எரிந்தும் கூப்பிடாமல் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டு போகிறாளா, எனக்குத் தெரியாது மாப்ள.